காவலும் காலிடமும்

பெரியதொரு வயலுக்கு இருவரே காவல் என்றால், கிழக்கு வரப்பை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் மேற்கு வரப்பு காலியாகத்தான் கிடக்கும். அவ்வழியே மாடு புகுந்துவிட்டால் காவலரைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் வயலின் பரப்பையும் காவலரின் தொகையையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தவர்கள், கடிந்துகொள்வதற்கு முன் சற்றுத் தயங்குவார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்பெறும் அமெரிக்கக் கால்பந்தில், எறியப்படும் பந்துக்கு எதிராகக் காவல் நிற்கும் கலையும் இத்தகைய கணக்கேயாகும். அதனை அங்கே 'கவரேஜ்' என்று அழைக்கின்றனர். இத்திங்கள் இப்பகுதியில் அக்கலையைப் பற்றிச் சிறிது காண்போம்.

நம் சங்கக் குடும்பங்களில் உயர்கல்விக்காகப் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியிருப்போர் பலர். மிச்சிகன், டெக்சாஸ், ஒஹையோ, ஜார்ஜியா முதலிய மாநிலங்களின் பெரும் பல்கலைக்கழகங்களில், இலையுதிர்காலச் சனிக்கிழமை என்பது நம் ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு ஒப்பானது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். நியூயார்க் நேரப்படி நண்பகலில் தொடங்கும் ஆட்டம் இங்கே சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கோ பத்தரை மணிக்கோ வந்து சேர்கிறது; அங்கே இரவில் தொடங்குவது இங்கே ஞாயிறு விடியலில். பிள்ளைகள் அவ்வாட்டத்தைப் பற்றிப் பேசும்போது, முட்டி மோதிக்கொள்ளும் ஏதோ ஓர் ஆட்டம் என்ற அளவில் நாம் கேட்டு வைப்பதோடு சரி.

தப்பித்தவறித் திரையில் பார்த்தாலும் நம் கண்ணில் படுவது என்ன? நெடுந்தூரம் எறியப்பட்ட ஒரு பந்து. அதைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஓர் இளைஞன். அவனுக்கு இரண்டடி பிந்தி ஓடும் மற்றோர் இளைஞன். பிந்தி ஓடியவனுடைய பெயரையே வருணனையாளர் சொல்கிறார். அவன் முகமே திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. தோல்விக்குக் காரணம் அவனே என்று அரங்கம் முழுவதும் தீர்ப்பு எழுதிவிடுகிறது. பத்தொன்பது, இருபது வயது மாணவன் மேல் விழும் அத்தீர்ப்பு பெரும்பாலும் ஆராயாமல் எழுதப்படுவது என்பதே நம் கருத்து. அதற்கான காரணத்தைப் படிப்படியாக விளக்க முயல்வோம்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பு. பக்கத்துக்குப் பதினொருவர். ஆடுகளத்தின் நீளம் 100 கஜம். இரு முனைகளிலும் பத்துப் பத்துக் கஜம் கோல் பகுதி. அகலம் 160 அடி. பந்தை வைத்திருக்கும் அணி, நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் முன்னேறலாம், எறிந்தும் முன்னேறலாம். எறிபவன் குவார்ட்டர்பேக். அவனுக்குப் பந்து வந்து சேருவதற்கு முன் இரு அணியினரும் எதிரெதிரே அணிவகுத்து நிற்பார்கள். பந்து அசைந்ததும் எல்லாம் நடந்து முடிய ஆறேழு வினாடிகள் போதும்.

பந்தை முன்னோக்கி எறியும் உரிமை ஆதியில் இவ்வாட்டத்தில் இருந்ததில்லை. அனைவரும் ஒரே இடத்தில் குவிந்து மோதிக்கொண்டதால் மாணவர் பலர் காயமுற்றனர், உயிரிழந்தோரும் உண்டு. 1905ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், முதன்மையான கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைத் திருத்துமாறு வற்புறுத்தினார். 1906இல் விதிகள் மாற்றப்பட்டபோது முன்னோக்கி எறிதல் அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் முதன்முதலாக அவ்வாறு எறிந்தார். அன்றைய விதிப்படி, எவரும் தொடாமல் தரையில் விழுந்த பந்து எதிரணிக்குச் சொந்தம். அம்முதல் எறிதலும் அப்படியே எதிரணிக்குப் போயிற்று. 1913 நவம்பர் முதல் நாள், நோட்டர் டேம் கல்லூரி அணி வலிமை மிக்க இராணுவக் கல்லூரி அணியை எறிபந்தின் துணையால் 35-13 என்று வென்றபோதுதான், இப்புது ஆயுதத்தின் கூர்மையை நாடு உணர்ந்தது. உயிரைக் காக்க வந்த விதி, ஆடுகளத்தை விரித்துவிட்டது. விரிந்த களத்தைக் காப்பது எப்படி என்ற கேள்வி அன்று பிறந்தது. இன்றளவும் அதற்கு முடிவான விடை இல்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். தாக்கும் அணியின் பதினொருவருள் ஐவர் முன்வரிசையினர். பந்து எறியும்போது அதைப் பிடிக்க அவர்களுக்கு உரிமையில்லை. எறிபவனையும் அவர்களையும் நீக்கினால், பந்தைப் பிடிக்க ஓடக்கூடியவர் ஐவர். காக்கும் அணி, எறிபவனை நெருக்குவதற்கு நால்வரை அனுப்பினால், பின்னே நின்று காப்பதற்கு எழுவர் மிஞ்சுவர். ஐவருக்கு எழுவர் என்பது கேட்பதற்குப் போதுமானதாகத் தோன்றலாம். ஆனால் ஐவருக்கும் தாம் போகும் இடம் தெரியும். எழுவருக்கும் அது தெரியாது. நெருக்குவதற்கு ஐந்தாமவனை அனுப்பினால் காவலர் அறுவராவர். ஆறாமவனையும் அனுப்பினால் ஐவருக்கு ஐவரே. முன்னே ஒருவரைக் கூட்டினால் பின்னே ஒருவர் குறைவார். இக்கணக்கை எந்தப் பயிற்சியாளராலும் மாற்ற இயலாது.

எஞ்சிய காவலர் நிற்பதற்கு அடிப்படையில் இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, ஆளுக்கு ஆள் காவல்: உன் ஆள் எங்கு ஓடினாலும் நீயும் ஓடு என்பது அதன் கட்டளை. ஹாக்கி ஆட்டத்தில் எதிரணியின் வல்லவனை ஒருவன் நிழல்போல் தொடர்வதை நாம் கண்டிருக்கிறோம். மற்றொன்று, இடத்துக்கு ஆள் காவல்: களத்தைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, உன் எல்லைக்குள் எவன் வந்தாலும் அவன் உன் பொறுப்பு என்பது. கிரிக்கெட்டில் தலைவன் தன் ஆட்களை நிறுத்துவது இவ்வகையைச் சேர்ந்தது. பந்து வீசுபவனும் விக்கெட் காப்பவனும் போக மிஞ்சும் ஒன்பதின்மரைக் கொண்டு மைதானம் முழுவதையும் அடைக்க முடியாது. மூன்று ஸ்லிப் வைத்தவன் மிட்-விக்கெட் காலியாகக் கிடப்பதை அறிந்தே வைக்கிறான். அவ்வழியே பந்து எல்லையைத் தாண்டினால் அது ஸ்லிப்பில் நின்றவர் குற்றமாகாது.

இவ்விரு வழிகளையும் கலந்தும் பிரித்தும் உண்டாக்கப்பட்ட முறைகளுக்கு எண்களால் பெயரிட்டுள்ளனர். பெரும்பாலும் அந்த எண், ஆழத்தில் காவல் நிற்போரின் தொகையைக் குறிக்கும். கவர்-0 என்றால் ஆழத்தில் எவருமில்லை; எல்லாரும் ஆளுக்கு ஆள். கவர்-1 என்றால் நடுவில் ஆழமாக ஒருவன். மற்றவர் ஆளுக்கு ஆள். கவர்-2 என்றால், சேஃப்டி எனப்படும் பின்காவலர் இருவர் களத்தின் ஆழத்தைப் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொள்வர். ஐவர் அவர்களுக்கு முன்னே நிற்பர். கவர்-3 என்றால் ஆழத்தில் மூவர், முன்னே நால்வர். கவர்-4 என்றால் ஆழத்தில் நால்வர், முன்னே மூவர். 160 அடி அகலத்தை இவ்வெண்களால் வகுத்துப் பார்த்தால் ஒவ்வொருவர் சுமையும் விளங்கும். கவர்-4இல் நிற்பவனுக்கு 40 அடி. கவர்-3இல் ஏறத்தாழ 53 அடி. கவர்-2இல் 80 அடி.

ஆழத்தில் ஆள் கூடக் கூட நெடிய எறிதலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் முன்னே இடம் காலியாகும். கவர்-4 முறையில் ஓரங்களில் குறுகிய எறிதல்களுக்கு இடம் கொடுத்தே ஆகவேண்டும். கவர்-3 முறையில், நால்வர் ஒரே சமயத்தில் நேராக ஓடினால் ஆழத்திலிருக்கும் மூவர் திகைப்பர். கவர்-2 முறையிலோ, இரு சேஃப்டிகளுக்கு இடைப்பட்ட நடுவெளியும், ஓரக்கோட்டை ஒட்டி, முன்காவலனுக்குப் பின்னும் சேஃப்டிக்கு முன்னும் உள்ள இடைவெளியும் காலியாகும். நடுவெளியை அடைப்பதற்காக லைன்பேக்கர் எனப்படும் நடுக்காவலனைப் பின்னோக்கி ஓடச் செய்வதுண்டு. அவன் ஓடிய பின் அவன் நின்ற இடம் காலி. கவர்-1 முறையில் காலிடம் என்பது நிலத்தில் இல்லை, ஆளிடத்தில் இருக்கிறது. ஐந்து காவலருள் எவன் வேகத்தில் குறைந்தவனோ அவனே காலிடம்.

ஆக, ஓட்டையில்லாத காவல் முறை என்று ஒன்று கிடையாது. பயிற்சியாளன் எதைக் காப்பது என்று மட்டும் முடிவு செய்வதில்லை. எதை விட்டுக்கொடுப்பது என்றும் முடிவு செய்கிறான். அப்படி விடப்பட்ட இடத்தில் பந்து விழுந்தால், அருகில் ஓடி வந்தவன் எவனும் அதைத் தடுத்திருக்க இயலாது.

கல்லூரி ஆட்டத்துக்கே உரிய சில நிலைமைகள் இச்சிக்கலைப் பின்னும் வளர்க்கின்றன. களத்தின் நீளவாக்கில் இரண்டு வரிசைக் குறிகள் இடப்பட்டிருக்கும். ஒவ்வொரு முயற்சியும் அக்குறிகளின் மீதோ அவற்றுக்கிடையிலோதான் தொடங்கும். தொழில்முறை ஆட்டத்தில் இக்குறிகளுக்கிடையே 18 அடி 6 அங்குலமே உண்டு. ஆதலால் பந்து எப்போதும் நடுவுக்கு அருகில் இருக்கும். கல்லூரி ஆட்டத்தில் அவ்விடைவெளி 40 அடி. பந்து ஒரு குறியில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி. மறுபக்கம் 100 அடி. அகன்ற பக்கத்தைக் காப்பவனும் குறுகிய பக்கத்தைக் காப்பவனும் ஒரே வேலையைச் செய்பவர் அல்லர். அகன்ற பக்கத்தின் ஓரக்கோட்டுக்குப் பந்தை எறிய வலிமையான தோள் வேண்டும். பந்து காற்றில் இருக்கும் நேரமும் அதிகம். ஆதலால் அங்கே சற்று விலகி நிற்கலாம். குறுகிய பக்கத்தில் நெருங்கி நிற்க வேண்டும்.

இந்த அகலத்தை முழுவதும் பயன்படுத்திக்கொள்ளும் தாக்கும் முறை ஒன்று 1980களின் இறுதியில் அயோவா வெஸ்லியன் என்னும் சிறு கல்லூரியில் வளர்ந்தது. ஹால் மம்மி என்ற பயிற்சியாளரும் அவருடைய துணைவர் மைக் லீச்சும் வளர்த்த அம்முறைக்கு 'ஏர் ரெய்ட்' என்று பெயர். லீச் பின்னர் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் 2000 முதல் 2009 வரை அதனைப் பெருக்கினார். ஆட்களைக் களத்தின் முழு அகலத்துக்கும் பரப்பி நிறுத்துவது, காவலர் மூச்சு விடுவதற்குள் அடுத்த முயற்சியைத் தொடங்குவது, நால்வரை நேராக ஓடவிட்டுக் காலிடத்தைத் தேடுவது ஆகியவை அதன் இயல்புகள்.

இதற்கு மறுமொழியாக வளர்ந்ததே, இடக்காவலையும் ஆள்காவலையும் இணைக்கும் முறை. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற தொழில்முறை அணியில் 1991 முதல் 1994 வரை பில் பெலிச்சிக் தலைமைப் பயிற்சியாளராகவும் நிக் சேபன் காவல் பயிற்சியாளராகவும் பணியாற்றிய காலத்தில் இது உருப்பெற்றது என்பர். நேராக ஓடும் நால்வரை மூவர் காப்பது எப்படி என்பதே அவர்கள் முன் நின்ற வினா. தொடக்கத்தில் ஒவ்வொருவனும் தன் இடத்தில் நிற்பான். எதிரில் உள்ளவன் நேராக ஆழத்துக்கு ஓடினால் அவனோடு ஒட்டிக்கொண்டு ஓட வேண்டும். அவன் சிறிது தூரத்தில் உட்புறம் திரும்பிவிட்டால் அடுத்தவனிடம் ஒப்படைத்துவிட்டு, தன் பக்கம் வருபவனை ஏற்க வேண்டும். ஒரு ரயில் நிலையத்தார் வண்டியை அடுத்த நிலையத்தாரிடம் ஒப்படைப்பது போன்றது இது. ஒப்படைப்பவன் ஒப்படைத்துவிட்டதாக எண்ணி, ஏற்பவன் ஏற்காமலிருந்தால் விளைவு என்னவென்று சொல்லத் தேவையில்லை. சேபன் பின்னர் 2007 முதல் 2023 வரை அலபாமா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக இருந்து, அங்கு மட்டும் ஆறு தேசியப் பட்டங்களை ஈட்டினார்.

வேறு வழி கண்டோரும் உண்டு. டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் கேரி பேட்டர்சன், களத்தை இரண்டாகப் பிளந்து, வலப்பக்கத்துக்கு ஒரு காவல் முறையும் இடப்பக்கத்துக்கு மற்றொரு முறையும் வகுத்தார். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹீகாக், 2017ஆம் ஆண்டுப் பருவத்தில் மூன்று சேஃப்டிகளை நிறுத்தும் முறையைக் கையாளத் தொடங்கினார். எறிபவனை நெருக்குவோரைக் குறைத்து, மூன்றாம் சேஃப்டியை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் அவன் உதவும்படி செய்தார். அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள், நாட்டின் மூன்றாம் நிலையிலிருந்த ஓக்லஹோமா அணியை அதன் சொந்தக் களத்திலேயே 38-31 என்று அயோவா மாநில அணி வென்றது. பெரிய அணிகளைப் போல் மிகச் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்க இயலாத ஒரு கல்லூரி, நிறுத்தும் முறையாலேயே குறையை ஈடு செய்ததால், பிற பயிற்சியாளர் பலரும் அதனைப் பின்பற்றலாயினர்.

இம்முறைகளையெல்லாம் கற்றுச் செயற்படுத்துவோர் மாணவர்கள் என்பதை மறத்தலாகாது. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே கட்டாயப் பயிற்சி அளிக்கலாம். பந்து தொடங்குமுன் எதிரணியினர் இடம் மாறினால், காவலரும் தம் கட்டளையை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குக் கிடைப்பவை சில வினாடிகள். லட்சம் பேர் கூச்சலிடும்போது வாய்ச்சொல் கேளாது, கைச்சைகையே துணை. 2024ஆம் ஆண்டுப் பருவம் முதல், உயர்நிலைக் கல்லூரி அணிகளில் களத்திலுள்ள ஒருவனுடைய தலைக்கவசத்தில் பயிற்சியாளர் குரலைக் கேட்கும் கருவி வைக்க அனுமதி உண்டு. அடுத்த முயற்சிக்கான கடிகாரத்தில் 15 வினாடி மிஞ்சியிருக்கும்போது அக்குரலும் நின்றுவிடும். மேலும், அண்மைக் காலத்தில் ஆட்டக்காரர் ஒரு கல்லூரியை விட்டு மற்றொன்றுக்கு எளிதில் மாறுகின்றனர். சென்ற ஆண்டு பக்கத்தில் நின்றவன் இவ்வாண்டு இருப்பதில்லை. ஒப்படைத்தலும் ஏற்றலும் பழக்கத்தால் வருவன. அப்பழக்கத்தை ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

இன்னுமொரு தொல்லையும் உண்டு. குவார்ட்டர்பேக் பந்தை ஓடுபவனிடம் கொடுப்பதுபோல் நீட்டி, எதிரே நிற்கும் ஒரு லைன்பேக்கரை மட்டும் பார்க்கிறான். அவன் ஓடுபவனைத் தடுக்க முன்னே வந்தால், பந்தை அவன் விட்டுவந்த இடத்தில் எறிகிறான். அவன் பின்னே நின்றால் ஓடுபவனிடமே கொடுத்துவிடுகிறான். கல்லூரி விதிகளில், இவ்வகை எறிதலின்போது முன்வரிசையினர் 3 கஜம் வரை முன்னேறலாம். தொழில்முறை ஆட்டத்தில் ஒரு கஜமே. முன்வரிசை முன்னேறுவதைக் கண்டால் அது ஓட்டம் என்றே எவரும் எண்ணுவர். அந்த லைன்பேக்கரின் நிலை ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். எதைச் செய்தாலும் தவறாகும்படி அவன் ஒருவனையே குறிவைத்து வகுக்கப்பட்ட முறை அது.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு, பலரும் அறிந்த ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம். 2018 ஜனவரி 8ஆம் நாள் அட்லாண்டா நகரில் தேசியப் பட்டத்துக்காக அலபாமாவும் ஜார்ஜியாவும் மோதின. ஜார்ஜியாவின் பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட், முன்பு அலபாமாவில் சேபனின் கீழ்க் காவல் முறைகளை வகுத்தவர். குருவும் சீடரும் எதிரெதிரே நின்றனர். முற்பாதியில் ஜார்ஜியா 13-0 என்று முன்னணியில் இருந்தது. பிற்பாதியில் சேபன் தம் வழக்கமான குவார்ட்டர்பேக்கை அமர்த்திவிட்டு, முதலாண்டு மாணவனான டுவா டகோவைலோவாவை இறக்கினார். ஆட்டம் 20-20 என்று சமனாகி, மிகை நேரத்துக்குச் சென்றது. ஜார்ஜியா 51 கஜத்திலிருந்து பந்தை உதைத்து மூன்று புள்ளிகள் பெற்றது. அலபாமாவின் முதல் முயற்சியில் டகோவைலோவா 16 கஜம் பின்னே வீழ்த்தப்பட்டான். இரண்டாம் முயற்சி, முன்னேற வேண்டியதோ 26 கஜம். ஜார்ஜியா ஏறத்தாழ வென்றுவிட்டது என்றே அரங்கம் எண்ணியது.

அப்போது ஜார்ஜியா நிறுத்தியது கவர்-2. ஆழத்தில் இருவர், ஆளுக்கு 80 அடி. 26 கஜம் வேண்டியிருக்கும் எதிரணிக்கு முன்னால் இது பொருத்தமான தேர்வே. பந்து கைக்கு வந்ததும் டகோவைலோவா தன் பார்வையை முதலில் மறுபுறம் செலுத்தினான். இடக்காவலில் நிற்பவன் எறிபவனுடைய கண்ணைப் பார்த்தே நகரக் கற்பிக்கப்பட்டவன். அப்பயிற்சியின்படியே சேஃப்டி நடுவை விட்டு விரைவில் நகரவில்லை. இடது ஓரத்தில் டெவாண்டா ஸ்மித் நேராக ஓடினான். பந்து 41 கஜம் பறந்து அவன் கையில் விழுந்தது. 26-23 என்ற கணக்கில் ஆட்டம் முடிந்தது.

அந்த இரவில் பிந்தி ஓடிவந்த சேஃப்டியே எல்லார் கண்ணிலும் பட்டான். நாம் கேட்க வேண்டியவை வேறு சில. தொடக்கத்தில் ஓரத்தில் நின்ற காவலன் ஸ்மித்தைத் தள்ளித் தாமதப்படுத்தியிருக்கலாகாதா? ரிசீவரைத் தள்ளுவதற்குத் தொழில்முறை ஆட்டத்தில் உள்ள 5 கஜ எல்லை கல்லூரி விதிகளில் இல்லை. முன்னே நெருக்கியவர்கள் இன்னும் அரை வினாடி முன்னதாக எறிபவனை அடைந்திருக்கலாகாதா? இவையெல்லாம் சேர்ந்தே அந்தக் காலிடம் உண்டாயிற்று. எறிபவனுடைய கண்ணைப் பார்க்கும் திறமையால் எத்தனையோ முறை பந்தைப் பறித்திருக்கக்கூடிய ஒருவனை அதே திறமை அன்று ஏமாற்றியது. யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய இடத்தில் வழுக்கல் எப்படி வந்தது என்பதையும் பார்ப்பதுதானே நியாயம்?

அடுத்த முறை ஆட்டத்தைப் பார்க்கும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். பந்து தொடங்குமுன் அது எந்தக் குறியில் இருக்கிறது என்று பாருங்கள். அகன்ற பக்கம் எது என்பது தெரிந்துவிடும். பின்பு ஆழத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். இருவர் நின்று, பந்து அசைந்ததும் ஒருவன் முன்னே ஓடி வந்தால், காவலர் முதலில் காட்டியது வேடம் என்று அறியலாம். தாக்கும் அணியினன் ஒருவன் குறுக்கே நடந்து இடம் மாறும்போது, காவலன் ஒருவன் கூடவே போனால் பெரும்பாலும் ஆள்காவல். போகாமல் தமக்குள் கைகாட்டிக்கொண்டால் பெரும்பாலும் இடக்காவல். பந்து எறியப்பட்டதும், காவலரின் முகம் எறிபவனை நோக்கியிருக்கிறதா, தம் ஆளை நோக்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். இவற்றைப் பார்த்தபின், பிந்தி ஓடிய பிள்ளையின் பெயரைச் சொல்லுமுன் ஒரு கணம் காத்திருக்கலாம். தொலைபேசியில் ஆட்டம் பற்றிப் பேசும் பிள்ளையிடம், "பின்னே எத்தனை பேர் நின்றார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்ல நெடுநேரம் பிடிக்கும்.

நான்காண்டுகளுக்குப் பின், 2022 ஜனவரி 10ஆம் நாள் இண்டியானாபொலிஸ் நகரில் அதே இரு கல்லூரிகளும் அதே பட்டத்துக்காக மீண்டும் சந்தித்தன. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் 18-26 என்று பின்தங்கியிருந்த அலபாமா சமன் செய்ய முயன்றபோது எறிந்த நெடிய பந்தை, ஜார்ஜியாவின் இளம் காவலன் கீலி ரிங்கோ பறித்துக்கொண்டு 79 கஜம் ஓடிக் கோல் பகுதியை அடைந்தான். 33-18 என்று ஜார்ஜியா வென்றது. 1980ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் அக்கல்லூரிக்குக் கிடைத்த முதல் தேசியப் பட்டம் அது. அன்றும் திரையில் தனியே ஓடுபவனாகத் தெரிந்தவன் ஒருவனே. அம்முறை அவனுக்கு மாலை கிடைத்தது. அம்மாலையில் மற்றைப் பதின்மருக்கும் பங்கு உண்டு என்று நாம் தயங்காமல் ஒப்புக்கொள்வோம். 2018இல் பிந்தி ஓடியவனுடைய கணக்கை எழுதும்போதும் அதே பதின்மரைச் சேர்த்தே எழுத வேண்டும்.